ஆறாம் பிளாக்கின் லிஃப்ட்மேன்

"லிஃப்ட்டண்ணன வெளிய உக்கார வெச்சு மூணு நாளாச்சு, எங்க வூட்டு சிலிண்டர் மூணு நாளா கீழயே நிக்குது, நான் இன்னா ஏழு பேருக்கும் அரிசிய ஊறவெச்சா குடுக்கிறது?"

ஆறாவது மாடி கோமளா இதை ஒரு தடவை சொல்லி விட்டுவிடவில்லை. ஒரு சொல் மாறாமல் மூன்று தடவை சொன்னாள், தடவைக்கு ஒரு படியாக ஏறிக்கொண்டே சொன்னாள், மூன்றாவது தடவை சொல்லி முடித்தபோது ஏழாவது மாடியில் சலேத்மேரியின் வாசலுக்கே வந்து நின்றாள்.

சலேத்மேரி கதவின் குறுக்கே கையை வைத்திருந்தாள். "சொல்லி முடிச்சிட்டியா, இல்ல மூச்சு வாங்கிட்டு நாலாவது தடவயும் சொல்லப் போறியா? ஊறவெச்ச அரிசிய தாராளமா குடு. உன் புருஷன் தொப்பை தரையில இடிக்காம நடந்து போவான்."

கோமளாவுக்குப் பின்னால் படியில் தண்ணீர்க் குடங்களோடு நின்ற நாலைந்து பெண்கள் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு சுவரைப் பார்த்தார்கள். ஒருத்தியின் இடுப்பில் இருந்த நிறைகுடம் எம்பி அவள் தாடையில் இடித்தது. மரியாதை தெரியாத ஜென்மங்கள், வாசலில் வந்து நின்றுகொண்டு முகத்தைத் திருப்புகிறதுகள் என்று நினைத்த சலேத்மேரி, கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டாள்.

உள்ளே கட்டிலிலிருந்து இன்னாசி கேட்டார். "யாரு மேரி?"

"யாருமில்ல. காத்து."

"காத்துக்கு எப்போலேர்ந்து கோமளா குரலு?"

அவருடைய கால்களைத் தூக்கித் தலையணைமேல் வைத்தாள். வலது காலில் விரலால் அழுத்தினால் பள்ளம் விழுந்தது, விழுந்த பள்ளம் மேடேற வெகுநேரம் ஆயிற்று.

ஆறாம் பிளாக்குக்கு எட்டு மாடி. கால்வாய்க்கரைக் குடிசைகளைப் பிரித்துப்போட்டு, ஆட்களையும் பாத்திரங்களையும் ஒரே லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கிய நாளிலிருந்து அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் என்று ஒரு இரும்புக் கதவு இருந்தது, கதவுக்குப் பக்கத்தில் ஒரு பொத்தான் இருந்தது, பொத்தானைச் சுற்றிப் பிள்ளைகள் பென்சிலால் வரைந்த மூக்கும் கண்ணும் இருந்தன, ஆனால் அந்தக் கதவு ஒரு நாளும் திறந்ததில்லை. ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை அதற்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து, முன்னால் பூசணிக்காய் உடைப்பார்கள். அந்த ஒரு நாள் மட்டும் அது வேலை செய்கிறது என்று எல்லோரும் வைத்துக்கொண்டார்கள்.

அப்படிப்பட்ட கட்டடத்தின் ஏழாவது மாடியில், ஒரு அரசாங்கக் கட்டடத்தில் இருபத்தேழு வருஷம் லிஃப்ட் ஓட்டிய இன்னாசிக்கு வீடு விழுந்தது. முதல் நாள் அவர் அந்த இரும்புக் கதவைத் தடவிப் பார்த்துவிட்டு, "நான் ரிட்டையர் ஆனது இதுக்கும் தெரிஞ்சிருக்கு" என்றார். மறுவருஷம் அவருடைய சிறுநீரகம் இரண்டும் நின்றுபோயின. செவ்வாயும் வெள்ளியும் ரத்தத்தைச் சுத்தம் செய்ய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். போவதென்றால், சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியில் அவரை உட்கார வைத்து, பழைய வேட்டியால் மார்போடு சேர்த்துக் கட்டி, நாலு பேர் ஏழு மாடி இறக்கி, சாயங்காலம் நாலு பேர் ஏழு மாடி ஏற்ற வேண்டும்.

ஊசி போடுவதற்காக அவருடைய இடது கையில் நரம்புகளைக் கோத்துத் தைத்திருந்தார்கள். அந்த இடத்தில் கையை வைத்தால் கிர்ரென்று ஒரு ஓட்டம் தெரியும். அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் வரிசையில் நின்று காதை வைத்துக் கேட்கும். "லிஃப்ட்டு மோட்டாரு இங்கதான்டா ஓடுது. எவனோ எடுத்து எனக்கு மாட்டிட்டான்" என்பார்.

சிலிண்டர் பறந்தது ஒரு ஆடி மாதக் காலையில். கோமளாவின் புருஷன் நிறைந்த சிலிண்டரைத் தோளில் வைத்துக்கொண்டு ஐந்தாவது மாடியைத் தாண்ட முடியாமல் நின்றான். அதே நேரத்தில் இன்னாசியின் நாற்காலி இறங்கி வந்தது, இரண்டும் எதிரெதிராக மாட்டிக்கொண்டன, ஒதுங்க இடமில்லை. நாற்காலியில் இருந்தபடியே இன்னாசி, பழைய வேலையின் குரலை எடுத்து, நிதானமாக அறிவித்தார்.

"ஆறாவது தளம், கோமளா. ஒலி மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். விடுமுறை கிடையாது."

படியில் இருந்த அத்தனை பேரும் வயிறு குலுங்கச் சிரித்தார்கள், கோமளாவும் சிரித்தாள், அவள் புருஷன் எல்லோரையும்விட ஒரு பங்கு கூடுதலாகவே சிரித்தான், அந்தச் சிரிப்பு நடுவில் இருக்கும்போதே சிலிண்டர் அவன் தோளை விட்டு எழும்பி, மெதுவாகத் திரும்பிப் படுத்து, ஆறாவது மாடிக் கூரையில் டங்கென்று முட்டிக்கொண்டு நின்றது. நாற்காலியைப் பிடித்திருந்த மீன் மார்க்கெட் டில்லி தன் பக்கத்தை இரண்டே விரலில் தாங்கிக்கொண்டிருந்ததை அப்போதுதான் பார்த்தான்.

"புடிய்யா, புடி, வாயில மாட்டற திருகு வளைஞ்சிடப் போவுது" என்று கோமளா கத்தினாள். ஒட்டடைக் கொம்பால் சிலிண்டரை இழுத்து, நேராக அவள் வீட்டு அடுப்படியில் இறக்கினார்கள். அதற்குமேல் அதைப் பற்றி யாரும் அதிசயப்படவில்லை. பதினோரு வருஷமாகப் படி ஏறியவர்களுக்கு அதிசயப்பட மூச்சு மிச்சமில்லை.

அதிசயம் போனாலும் ஒழுங்கு வேண்டுமல்லவா. நாலாவது மாடியில் இருந்த நலச்சங்கத் தலைவர் தணிகாசலம் கூட்டம் போட்டார். காலை ஏழு மணிக்கு இன்னாசி ஏழாவது மாடிப் படித்தலைப்பில் நாற்காலியில் உட்கார வேண்டும், தண்ணீர் வருகிற நாளில் குடங்களுக்கு முதலிடம், மற்ற நாளில் சிலிண்டரும் அரிசி மூட்டையும், புது பீரோவோ வாஷிங் மெஷினோ வாங்குகிறவர்கள் இரண்டு நாள் முன்னதாகச் சொல்ல வேண்டும், பிரசவ வலிக்காரியும் இன்னாசியின் ஆஸ்பத்திரிப் பயணமும் எதற்கும் காத்திருக்க வேண்டியதில்லை. பிழைகள் செய்துதான் மற்றதைக் கற்றுக்கொண்டார்கள். ஒரு தடவை தூக்கிய சிரிப்பு இரண்டாம் தடவை தூக்காது. உதட்டுச் சிரிப்புக்கு ஒரு கைப்பைகூட அசையாது. படிக்கட்டைத் தாண்டினால் செல்லாது, ஆஸ்பத்திரி எடைமெஷினிடம் எந்த வேடிக்கையும் எடுபடவில்லை. ஆகவே இன்னாசி தினமும் புதிதாக ஒன்று சொல்ல வேண்டியிருந்தது. தினமும் சொன்னார்.

"மூணாவது தளம், டில்லி. குளிக்காதோர் நலத்துறை. மூக்கைப் பிடித்தபடி வரிசையில் நிற்கவும்."

"நாலாவது தளம், தலைவர் தணிகாசலம். மனு வாங்கப்படும். எங்கே போகும் என்று கேட்கக் கூடாது."

கட்டடமே சிரித்தது, குடங்கள் கொக்குக் கூட்டம் போலப் படியில் மேலேறின. சிரிக்காதவள் சலேத்மேரி ஒருத்திதான். கான்வென்டில் படித்தவள் அவள். பூசை நடுவில் பல் தெரியச் சிரித்ததற்காக எட்டாம் வகுப்பில் ஒரு முழு மத்தியானம் சரளைக்கல்மேல் முழங்காலில் நின்றவள், எழுந்தபோது முழங்காலில் கல் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது, சிரிப்பு அங்கேயே தங்கிவிட்டது. நாற்காலி தரைக்கு வந்ததும், வேட்டிக்கட்டை அவிழ்க்கும்போது, இன்னாசி ஒவ்வொரு தடவையும் அவளிடம் மெதுவாகக் கேட்பார். "ஒரு தடவ சிரியேன், மேரி."

"ஆட்டோ நிக்குது, ஏறு" என்பாள்.

அவளுக்கு அதைவிடப் பெரிய கவலை இருந்தது. இத்தனை குடமும் சிலிண்டரும் இழந்த எடை எங்கே போகிறது என்று இந்த முட்டாள் ஜனங்களில் ஒருவருக்காவது கேட்கத் தோன்றியதா? சிலிண்டர் பறந்த வாரம்தான் அவருடைய வலது கால் முதலில் வீங்கியது. டில்லி வீட்டு பீரோ ஏறிய மறுநாள் இடது கால். டாக்டர் தண்ணீர் என்றார், உப்பு என்றார், ஒரு நாளைக்கு அரை லிட்டருக்குமேல் குடிக்கக் கூடாது என்றார். சலேத்மேரி தலையாட்டிவிட்டு வந்தாள். அது தண்ணீர்தான். கட்டடத்தின் அத்தனை குடத்துத் தண்ணீரும் அவர் காலில் வந்து இறங்கிக்கொண்டிருந்தது.

அதனால்தான் கதவைச் சாத்தினாள். சாத்தியதோடு நிற்காமல், கான்வென்ட் கையெழுத்தில், சாய்வும் சுழியும் பிசகாமல், ஒரு அட்டையில் எழுதி வாசலில் ஒட்டினாள். "இங்கே நோயாளி இருக்கிறார். சிரிப்பு கிடைக்காது."

திட்டிக்கொண்டே வந்தவர்களும் அட்டையைப் படித்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். நோயாளி என்ற சொல் அவர்களுக்குப் புதிதாக இருந்தது. அதுவரை அவர்கள் அவரை லிஃப்ட்மேன் என்றே நினைத்திருந்தார்கள்.

பிறகு கட்டடம் தன்னால் ஆனதையெல்லாம் செய்து பார்த்தது. யாரோ தன் போனில் பிடித்து வைத்திருந்த இன்னாசியின் குரலை ஒலிபெருக்கியில் போட்டார்கள், கேட்ட சிரிப்பு என்பதால் ஒரு செம்புகூட எழும்பவில்லை. தணிகாசலம் ஒரு தொண்டு நிறுவனத்திலிருந்து வெள்ளைச் சட்டை போட்ட பயிற்சியாளர் ஒருவரைக் கூட்டி வந்தார். அவர் மாடிக்கு ஒன்றாக, "புன்னகை உங்கள் பலம்", "கவலையைக் கீழே வையுங்கள்" என்று சுவரொட்டி ஒட்டினார், எல்லோரையும் படியில் நிற்க வைத்தார், கையைத் தூக்கச் சொன்னார், ஹா ஹா ஹோ ஹோ என்று சொல்லிக் கொடுத்தார், வந்தவருக்கு மரியாதையாக ஜனங்கள் ஹா ஹா ஹோ ஹோ என்றார்கள். அந்த நிமிஷத்திலிருந்து எல்லாம் கனத்தது. ஒருத்தியின் குடம் கையை விட்டு விழுந்து ஐந்தாவது மாடிப் படியில் இரண்டு முனையை உடைத்தது, வீடு திரும்பிய பிள்ளைகள் புத்தகப் பையைப் படியில் இழுத்துக்கொண்டு ஏறினார்கள், பயிற்சியாளர் தன்னுடைய செருப்பையே தூக்க முடியாமல் வெறுங்காலோடு போனார். செருப்பு அங்கேயே கிடந்தது. சிரிக்க விரும்பாதபோது சிரித்ததற்கான எடை படியை விட்டு இறங்காமல் அங்கேயே உட்கார்ந்துகொண்டது.

செவ்வாய்க்கிழமை எப்படியோ ஆறு பேர் சேர்ந்து நாற்காலியை இறக்கி ஏற்றினார்கள். டில்லியின் தோள் கிழிந்து ரத்தம் வந்தது. பயிற்சியாளர் வந்துபோன மறுநாள் வெள்ளிக்கிழமை. எட்டுப் பேர் பிடித்தும் ஐந்தாவது மாடி உடைந்த படியைத் தாண்டி நாற்காலி நகரவில்லை. ஆம்புலன்ஸ்காரர்கள் ஸ்ட்ரெச்சரோடு ஏறினார்கள், இரண்டாவது மாடியில் வெறும் ஸ்ட்ரெச்சரைத் தரையில் வைத்துவிட்டு, கேட்டுக்குக் கொண்டுவாங்க, கூட்டிட்டுப் போறோம் என்று கையைப் பிசைந்தார்கள். இன்னாசியைத் திருப்பி மேலே கொண்டுபோய்ப் படுக்க வைக்கவே மத்தியானம் ஆகிவிட்டது.

சனிக்கிழமை அவருக்கு மூச்சு இரைந்தது. சலேத்மேரி அட்டையைக் கிழித்தாள், கதவை விரியத் திறந்து வைத்தாள், கட்டிலோரம் மண்டி போட்டாள்.

"இந்தா பாரு. ஏதாவது சொல்லு. எப்பவும் சொல்லுவியே. எல்லாரும் படியிலதான் நிக்கிறாங்க. ஒண்ணே ஒண்ணு சொல்லிடு, உன்ன இப்பவே இறக்கிடலாம்."

அவர் உதட்டை நனைத்துக்கொள்ளப் பார்த்தார். "சரக்கு தீந்துபோச்சு, மேரி."

"அதெப்படித் தீரும்?"

"நீ என்னத் திட்டி எத்தன நாளாச்சு?"

"முடியாம படுத்திருக்கிறவர யாராவது திட்டுவாங்களா?" என்றாள். எட்டு நாளாக அவள் வீட்டுக்குள் குரலை உயர்த்தவில்லை, பாத்திரத்தைக்கூட ஓசையில்லாமல் வைத்தாள், பிழைக்க வைக்கிற மருந்து போல அந்த அமைதியை அவருக்குக் கொடுத்திருந்தாள்.

அவர் கண்ணை மூடிக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை காலை, பூசைக்கு முதல் மணி அடிக்கும்போது, அவள் கைக்குள் இருந்த அவருடைய இடது கையில் மோட்டார் நின்றது.

சவப்பெட்டி படித்திருப்பங்களில் திரும்பாது. அந்தக் கட்டடத்தில் செத்தவர்கள் எல்லோரும் நாற்காலியில் உட்கார்ந்துதான் இறங்குவார்கள். இன்னாசிக்குக் கல்யாணக் கோட்டைப் போட்டார்கள், தாடையை வெள்ளைத் துணியால் கட்டினார்கள், அதே சிவப்பு நாற்காலி, அதே வேட்டி. கீழே பெட்டி வந்துவிட்டது, வண்டி வந்துவிட்டது, மேளக்காரர்கள் தீ மூட்டிப் பறையைக் காய்ச்சித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேலே பத்துப் பேர் நாற்காலியைப் பிடித்தார்கள். அது அசையவில்லை. எட்டு நாள் கனம் அத்தனையும், பயிற்சியாளர் விட்டுப்போன கனமும், வெள்ளிக்கிழமையின் கனமும் அதில் ஏறி உட்கார்ந்திருந்தன. நாற்காலியின் கால்கள் சிமெண்டுத் தரையில் பதியத் தொடங்கின.

சலேத்மேரி கதவருகே நின்றாள். அவருடைய குரல் போலவே ஆரம்பித்துப் பார்த்தாள். "நாலாவது தளம், தணிகாசலம்..." பழைய சிரிப்பு. ஜனங்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

அப்போதுதான் அவள் டில்லியைப் பார்த்தாள். நாற்காலியின் வலது காலைப் பிடித்துக் குனிந்திருந்த டில்லி சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தான், அழுகை கண்ணிலிருந்து மூக்குக்கு வந்து, மூக்கிலிருந்து நூல் போல இறங்கி, கோட்டின் பொத்தானை நெருங்கிக்கொண்டிருந்தது. எட்டு நாளாக அடக்கியது அவள் தொண்டைக்குத் தானாக வந்தது.

"அடேய் டில்லி, மூக்கச் சிந்துடா. முப்பத்தொரு வருஷமா பாச்சை உருண்டை போட்டு ஒரு கறை படாம வெச்ச கோட்டு அது. மோட்சத்துல சம்மனசுங்க முன்னாடி உன் சளியோடதான் போயி நிக்கணும்னு அவருக்கு என்ன தலையெழுத்தா?"

முதலில் ஒரு மூச்சு மட்டும் கேட்டது. முந்தானைக்குள்ளிருந்து கோமளாவின் மூக்கு வழியாக வந்தது. பிறகு இன்னொருத்தி. பிறகு டில்லியே, மூக்கைத் துடைத்தபடி, அழுகையும் அதுவுமாக, தோள் குலுங்க ஆரம்பித்தான். நாற்காலியின் கால் தரையை விட்டு ஒரு விரற்கடை எழும்பியது.

"சிரிக்கிறீங்களா? மனுஷன் செத்துக் கிடக்கிறாரு, சிரிக்கிறீங்களா?"

"மன்னிச்சிக்கோக்கா" என்றாள் கோமளா, கண்ணைத் துடைத்துக்கொண்டே. "நாங்க எப்பவும் சிரிக்கிறதுதான். லிஃப்ட்டண்ணன் சொன்னதெல்லாம் நீ ராத்திரி அடுப்படியில அவரத் திட்டுறப்ப எங்களயும் சேத்துத் திட்டனதுதானே? குழாய் வழியா கீழ எங்களுக்குக் கேக்குமே. நீ திட்டுவ, காலைல அவரு அதுக்குத் தளம் நம்பர் போட்டு எத்துனு வருவாரு."

சலேத்மேரி சுவரில் கையை ஊன்றிக்கொண்டாள். குளிக்காதோர் நலத்துறை. தண்ணீர் வருகிற நாளில்கூடக் குளிக்காதவன் என்று டில்லியைச் சொன்னது அவள். ஒலி மாசு. மனு எங்கே போகும். எல்லாமே அவளுடைய வீட்டுச் சரக்கு. அவர் அதை எடுத்துக்கொண்டு தினமும் படித்தலைப்புக்குப் போய், அதிலேதான் மறுநாள்வரை உயிரோடு இருந்துவிட்டு வந்தார். அவள் கதவையும் சாத்தி, வாயையும் சாத்தியிருந்தாள்.

எழும்பிய நாற்காலி மறுபடி தரையைத் தொட்டது. பத்துப் பேரும் அவளைப் பார்த்தார்கள்.

அவள் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"தூக்குங்க. பாத்துக்கிட்டே நின்னா அவரே எழுந்து நடக்கணும்."

இறங்கினார்கள். ஆறாவது மாடியில் கோமளா மறுபடி நெஞ்சில் அடித்துக்கொண்டு ஒப்பாரி எடுத்தாள், சலேத்மேரி திரும்பிப் பார்த்து, "கொஞ்சம் குறைச்சுக்கோடி, கீழ மேளக்காரங்க நம்மள எதுக்குக் கூப்பிட்டாங்கன்னு கோவிச்சுக்கிட்டுப் போயிடப் போறாங்க" என்றாள், நாற்காலி ஒரு முழம் எழும்பியது. உடைந்த படியை அது தொடாமலே தாண்டியது. நாலாவது மாடியில் தணிகாசலம் ஆளுயர மாலையோடு நின்றார், மாலைக்குக் குறுக்கே தங்க எழுத்து ரிப்பன். "தலைவரே, ரிப்பன்ல உங்க பேரு அவர் பேர விடப் பெருசா இருக்குது. பாக்கிறவங்க போனது நீங்கன்னு நெனச்சு சந்தோஷப்படப் போறாங்க" என்றாள், தணிகாசலமே வாயைப் பொத்திக்கொண்டு மாலைக்குப் பின்னால் குனிந்தார். அதற்குமேல் நாற்காலியைத் தூக்க வேண்டியிருக்கவில்லை. பிடித்து அழுத்த வேண்டியிருந்தது. பத்துப் பேரும் அழுதுகொண்டே சிரித்து, சிரித்துக்கொண்டே அழுது, கோட்டும் டையும் போட்ட இன்னாசியை நாற்காலிக் கால்களில் தொங்கி இழுத்து இழுத்து இறக்கினார்கள், அவருடைய வீங்கிய பாதங்கள் இரண்டும் படிகளுக்குமேல் காற்றில் லேசாக ஆடிக்கொண்டு வந்தன. பயிற்சியாளரின் செருப்புகள்கூடத் தாமே எழும்பி ஓரமாக ஒதுங்கின.

சலேத்மேரி சிரிக்கவில்லை. ஒவ்வொரு மாடியிலும் ஒருத்தரைத் திட்டினாள், திட்டிவிட்டு அவருடைய முகத்தைப் பார்த்தாள், பார்த்துவிட்டு அடுத்த படிக்குக் காலை வைத்தாள்.

கடைசிப் படி. அதைத் தாண்டினால் எதுவும் செல்லாது என்று எல்லோருக்கும் தெரியும். நாற்காலி தரையைத் தொட்டதும் கனம் அதனதன் இடத்துக்கு வந்தது, செத்த மனிதனின் எடை, அவ்வளவுதான். பத்துப் பேரும் மூச்சு வாங்கிக்கொண்டு விலகி நின்றார்கள். வழக்கம்போல அவள் குனிந்து வேட்டிக்கட்டை அவிழ்த்தாள்.

"வண்டி நிக்குதுக்கா" என்றான் டில்லி.

"நிக்கட்டும்."

அவள் கையைத் தூக்கியதும் பறை நின்றது. வாசலில் நின்றவர்கள், படியில் நின்றவர்கள், எட்டு மாடிக் கம்பிகளிலும் தலை நீட்டியவர்கள், எல்லோரும் வாயை மூடிக்கொண்டார்கள். அவள் தரையில், சிமெண்டில், முழங்காலிட்டாள். அவருடைய இடது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள், முகத்தை அவர் முகத்துக்கு அருகே கொண்டுபோனாள். அவள் உதட்டின் ஓரம் துடித்தது, அடங்கவில்லை.

"யோவ், தரை வந்தாச்சு. எப்பவும் கேப்பியே, இப்ப கேளு. ஒரே ஒரு தடவ கேளு."